தாபரிப்புப் பணம் கேட்க எங்கே போவது?

கேள்வி: பிரிந்துபோன கணவரிடம் பிள்ளையின் செலவுக்குப் பணம் பெற முடியுமா? (வாசகி, கப்பல்துறை)

பதில்: முடியும். மனைவியைப் பிரிந்து போகலாம். தகப்பன் பதவியை ராஜினாமா செய்ய முடியாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, வசதியுள்ள பெற்றோர் தகப்பனானாலும் தாயானாலும் பிள்ளையைப் பராமரித்தே ஆகவேண்டும். அதற்கு விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிவுத் திருமணம் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் தந்தை அவர்தான் என்று நிரூபிக்க வேண்டும். பதினெட்டைத் தாண்டிய பிள்ளையும் 25 வயது வரை கேட்கலாம்.

கப்பல்துறையில் இருக்கும் உங்கள் விண்ணப்பம் போகவேண்டிய இடம் திருகோணமலை நீதவான் நீதிமன்றம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு, கணவர் வேலைசெய்யும் இடத்தின் விலாசமும் கையில் இருப்பது நல்லது. பணம் கட்டும்படி நீதிமன்றம் இடும் கட்டளையை அவர் மீறினால் சம்பளத்திலேயே பிடிக்க வழியுண்டு. அதற்கும் மசியாதவருக்குச் சிறை. வழிகாட்டப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார்.