தேர்வீதியும் தறிக்குழியும்

தேர் வரும்போது மின்கம்பியைக் கழற்றுகிறார்கள், போனதும் மாட்டுகிறார்கள். புதைவடம் போட்டால் செலவு அதிகமாமே?
(வாசகர், காந்தி ரோடு, காஞ்சிபுரம்)

எதைவிட அதிகம்? 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். மேலே இழுப்பதைவிடப் பூமிக்கடியில் போடுவது பல மடங்கு செலவுதான். ஆனால் களிமேட்டை விட்டுவிட்டுப் போடும் மதிப்பீடு அரைக் கணக்கு.

மெட்ரோ ரயில் காஞ்சிக்கு வருமா?
(வாசகி, செவிலிமேடு)

பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை 52.94 கி.மீ. திட்டம். அதற்கப்புறம் பஸ்தான்!

புது ரோடு போட வந்தால் எங்கள் தெரு நெசவாளர்கள் ஏன் சண்டைக்கு வருகிறார்கள்?
(வாசகர், பிள்ளையார்பாளையம்)

அவர்கள் கால் எங்கே இருக்கிறது, பார்த்தீர்களா? குழித்தறியில் மிதிபலகை தரைக்குக் கீழே. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ரோடு ஏறும், வாசல் தாழும். ஒரு நல்ல மழைக்குத் தண்ணீர் நேராகக் குழியில் இறங்கும். தறி நிற்கும், கூலியும் நிற்கும். அந்த நட்டம் எந்த டெண்டரிலும் எழுதப்படுவதில்லை.

பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதமே அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு கடிதம் எழுதி அறிவுறுத்தியிருக்கிறார். அடுத்த முறை அந்தக் கடிதத்தின் நகலோடு சண்டைக்குப் போகச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.