பேட்டரி மாற்றிய குற்றத்துக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பீங்கான் பொம்மைப் பட்டறைக்காரன் ஒருவன், விருத்தாசலம்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், வீட்டு வானிலைக் கருவி நிறுவனம்.

பொருள்: பேட்டரி மாற்றியதும் மொட்டைமாடி சென்சார் உறவை முறித்துக்கொண்டது – சமரசம் செய்துவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கார்த்திகை விளக்குக்கு ஆர்டர் குவிவதும் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் எங்களுக்கு ஒரே சமயத்தில்தான். ஈரக் காற்றில் பிளாஸ்டர் அச்சு சீக்கிரம் காயாது. அரைகுறையாய்க் காய்ந்த சாமானைச் சூளையில் அடுக்கினால் உள்ளே தங்கிய நீர் ஆவியாகி வெடித்துவிடும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தாலோ விரிசல் விடும். காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரிந்தால் தேவலையே என்றுதான் தங்கள் கருவியை வாங்கினேன். மாடியில் சென்சார், ஹாலில் திரை. பழைய பேட்டரி தீரும்வரை இரண்டும் ஒற்றுமையாகத்தான் இருந்தன.

புது பேட்டரி போட்டேன். திரையில் வெப்பநிலை இருந்த இடத்தில் வெறும் கோடு, ஈரப்பதத்துக்கும் கோடு. தங்கள் உதவி எண்ணில் பேசிய தம்பி, "பிளஸ், மைனஸ் பார்த்துப் போட்டீங்களா சார்?" என்று கேட்டார். இன்சுலேட்டரும் ஃப்யூஸ் பீங்கானும் சுட்டு விற்கிற ஊர், செராமிக் படிக்க அரசுக் கல்வி நிலையமே உள்ள ஊர் எங்களுடையது. எங்களிடமா இந்தக் கேள்வி! போகட்டும், பார்த்துத்தான் போட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவில்லை: என்ன பேட்டரி? சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட்தான். அந்தக் குறைவிலேயே பல சென்சார்கள் சோர்ந்துவிடும்.

நான் போட்டது அல்கலைன். அப்படியானால் கோளாறு எங்கே? பிறகுதான் விளங்கியது. தங்கள் சென்சார் பேட்டரி மாற்றும்போதெல்லாம் தனக்குத் தானே ஒரு புது அடையாள எண் சூட்டிக்கொள்கிறது. திரையோ பழைய எண்ணுக்காகவே காத்திருக்கிறது. பென்ஷன்காரர் வருஷாவருஷம் தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டுமே, அதே நேர்காணல்தான். சென்சாரை மாடியிலிருந்து இறக்கி, இரண்டின் பேட்டரியையும் கழற்றி, சற்றுப் பொறுத்து, முதலில் சென்சாருக்கும் பிறகு திரைக்கும் போட வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து, எண் தெரியும்வரை எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. சேனல் சுவிட்ச் நகர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இத்தனையையும் கையேட்டில் எங்கே போட்டிருக்கிறீர்கள் தெரியுமா? சுவரில் ஆணி அடிப்பது எப்படி என்ற பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி கேட்கிற எழுத்தில்.

சிக்னல் 100 மீட்டர் போகும் என்று அட்டைப்பெட்டி சொல்கிறது. திறந்தவெளியில் போகலாம். நடுவே கம்பி கட்டிய காங்கிரீட் தளம் இருக்கிறதே! வீட்டைத் திறந்தவெளியில் கட்டச் சொல்கிறீர்களா?

கம்பியில்லாமல் தொலைவுக்கு அனுப்புகிற விஷயத்தில் எங்கள் ஊருக்கு முன் அனுபவம் உண்டு. இங்கே கோயில் கொண்ட பழமலைநாதர் கொடுத்த 12,000 பொன்னைத் தேவாரம் பாடிய சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தலவரலாறு. நேர்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கம்பி இல்லை, பேட்டரியும் இல்லை. அங்கேயும் சிக்கல் வந்தது. பொன் உடனே வரவில்லை, பதிகம் பாடினார், வந்தது. வந்ததில் மாற்றுக் குறைந்திருந்தது, மறுபடி பாடினார், சரியானது. சுந்தரர் கெட்டிக்காரர். ஒத்துப் பார்க்க இங்கேயே அந்தப் பொன்னில் மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டி வைத்திருந்தார். "பொன்னை ஒழுங்காப் போட்டீங்களா சார்?" என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பக்தி வேண்டாம், அறிவியலே பேசுவோம். வானிலை நிலையங்களில் வெப்பமானியை வைக்கிற, சாய்சட்டங்கள் பொருத்திய வெள்ளைப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். கலங்கரை விளக்கப் பொறியாளர், 'புதையல் தீவு' எழுதியவரின் அப்பா. அந்தப் பெட்டிக்கு வேண்டியது வெள்ளைப் பெயின்ட் மட்டும். சூளைச் சூட்டைப் பார்க்க ஹெர்மன் செகர் 1886-இல் கொண்டுவந்த பீங்கான் கூம்பு, உரிய சூடு ஏறியதும் தலை சாய்க்கும். நேற்று வேறு பெயர் வைத்திருந்தேன் என்று அது சொல்வதில்லை.

ஆகவே, அடுத்த மாடலிலாவது சென்சாருக்குத் தொழிற்சாலையிலேயே நிரந்தர எண் கொடுத்து, அதை முதுகில் அச்சிட வேண்டுகிறேன். இணைக்கும் முறையைப் பேட்டரி மூடியின் உட்பக்கத்திலேயே, தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ஒட்டுங்கள். உதவி எண்ணில் இருக்கும் தம்பிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கார்த்திகைக்கு முன் பதில் வந்தால் நல்லது. சூளையில் சாமான் அடுக்கக் காத்திருக்கிறேன்.