பட்டப்பகலில் அருந்ததி

காலை 9 மணி முகூர்த்தம். மண்டபத்துக் கூரையைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்கிறார் சாஸ்திரிகள். அங்கே சுழல்வது மின்விசிறி. "தெரியறது மாமா" என்கிறார்கள் மணமக்கள், கோரஸாக. கண்ணுக்குத் தெரியாததைத் தெரிகிறது என்று சேர்ந்து தலையாட்டக் கற்றுவிட்டால் பாதிக் குடித்தனம் கைவந்த மாதிரிதான்.

சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்குப் பக்கத்தில், சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில் மங்கலாக மின்னுபவள் அருந்ததி. பொழுது சாய்ந்து நட்சத்திரம் முளைத்தபின் காட்டச் சொல்கின்றன கிருஹ்ய சூத்திரங்கள். மதியம் 3 மணிக்குள் காலி செய்யச் சொல்கிறது மண்டப ரசீது. இரண்டில் ரசீதுதான் பிரமாணம்.

கல்லைப் போல் உறுதியாக நில் என்பதே அம்மி மிதித்தலின் பொருள். அந்த அம்மியோ வாடகைக்கு வந்தது. அடுத்த முகூர்த்தத்தில் வேறொரு பெண்ணுக்கு உறுதி சொல்லப் போய்விடும்.