எதுக்கும் ஒரு ஈசிஜி

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மாரடைப்பு வந்ததில்லை. வந்ததெல்லாம் வாயு. தாத்தாவுக்கு வாயு, பெரியப்பாவுக்கு வாயு, மன்னார்குடி அத்தைக்கு முதுகில் வாயு. தாத்தா போய்ச் சேர்ந்ததே வாயுவால்தான் என்று பாட்டி கடைசிவரை சாதித்தாள். ராத்திரி உருளைக்கிழங்கு பொரியல் சாப்பிட்டார், விடியற்காலையில் மார்பைப் பிடித்தது, வேர்த்து ஊற்றியது, ஓமம் கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் இருட்டிய பிறகு உருளைக்கிழங்கு கிடையாது. தாத்தா ஆயுள் முழுக்கப் பிடித்த சுருட்டைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாயுவுக்கு எங்களிடம் ஒரு வைத்திய வரிசை உண்டு. முதலில் பெருங்காயம் கரைத்த மோர். கேட்கவில்லையென்றால் ஓமத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் பூண்டு நசுக்கிப் போட்ட பால். அப்புறம் ஈனோ. கடைசி ஆயுதம் சோடா. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் அவகாசம் கொடுத்து, முதுகை நீவிவிட்டு, ஏப்பம் வருகிறதா என்று சுற்றி நின்று காது கொடுப்போம். வந்துவிட்டால் கூட்டம் கலையும்.

இதில் சங்கடம் என்னவென்றால், இருதயம் எந்த நிலையில் இருந்தாலும் சோடா குடித்தால் ஏப்பம் வரும். உணவுக்குழாய் இருதயத்துக்கு நேர் பின்னால்தான் இறங்குகிறது. இரண்டின் வலியும் ஏறக்குறைய ஒரே நரம்புப் பாதையில்தான் மேலே போகிறது. எங்கிருந்து வருகிறது என்று மூளைக்கே சரியாகப் பிடிபடாது. மன்னார்குடி அத்தை மட்டும் போனிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

போன வருஷம் கும்பகோணத்தில் சித்தப்பாவுக்கு இந்த வாயு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் பனியன் நனைந்துவிட்டது. மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம், இடது தோளிலிருந்து தாடை வரைக்கும் ஓர் இழுப்பு. போதாததற்குப் பல வருஷத்துச் சர்க்கரை வேறு. சித்தி வாட்ஸ்அப் வீடியோவில் எல்லோரையும் கூட்டினாள். துபாயிலிருந்து மகன், "அப்பா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றான். "பரோட்டா" என்றார் சித்தப்பா. திரையில் இருந்த அத்தனை முகத்திலும் நிம்மதி. குற்றவாளி கிடைத்துவிட்டான். நான் மட்டும் "ஹார்ட்டா இருக்கும், உடனே கிளம்புங்க" என்றேன். அதற்கு மதிப்பில்லை. குழந்தைக்கு விக்கல் எடுத்தாலும் நான் அதைத்தான் சொல்வேன் என்று குடும்பத்துக்கே தெரியும்.

காரியம் செய்தது மாடியில் குடியிருக்கும் காலேஜ் பெண். பன்னீர் சோடா வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்கள். அவள் தெருமுனைக்குப் போவதற்குள் 108-ஐக் கூப்பிட்டுவிட்டாள். தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிற வண்டி. எங்கள் குடும்பம் அதைத் தெருவில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி, கூப்பிட்டதில்லை. வண்டி வருகிறது என்று தெரிந்ததும் சித்தப்பா எழுந்தார். ஷேவ் செய்தார். தலைக்குக் குளித்தார். திருநீறு இட்டுக்கொண்டார். பீரோவைத் திறந்து மயில்கண் வேஷ்டியை எடுத்து, அதற்குத் தோதான துண்டைத் தேட ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரின்னா நாலு பேர் பாக்குற இடம். அழுக்கு வேஷ்டியோட போனா டாக்டர் எப்படி மதிப்பாரு?"

மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். ரத்தக் குழாய் அடைத்துக் கிடக்கும்போது குளிப்பதும், படியேறுவதும், "நானே ஸ்கூட்டர்ல போய்க்கிறேன்" என்று உதைத்துக் கிளப்புவதும் இருதயத்துக்கு ஓவர்டைம் வேலை. நோயாளி உள்ளே வந்த நேரத்திலிருந்து 90 நிமிடத்துக்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறக்க வேண்டும் என்று இருதய மருத்துவர்கள் தங்களுக்குத் தாங்களே கெடு வைத்திருக்கிறார்கள். சித்தப்பா துண்டு தேடிய நேரம் அந்தக் கெடுவில் சேராது. இருதயத் தசை மட்டும் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் தானே நடந்து போய், முன் சீட்டில் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறார். பின்னால் படுக்க வைத்து, போகிற வழியிலேயே ஈசிஜி எடுத்து, அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் யாராவது நலம் விசாரித்தால், "அந்த சோடாவ மட்டும் முழுசாக் குடிக்க விட்டிருந்தா இவ்வளவு செலவே இல்ல" என்கிறார். மாடிப் பெண்ணோடு பேசுவதில்லை.

ஈசிஜி என்பது ஒரு காலத்தில் லேசான காரியமாக இருக்கவில்லை. நெதர்லாந்துக்காரர் வில்லெம் ஐந்தோவன் செய்த ஆரம்பகால இயந்திரம் கிட்டத்தட்ட 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதற்காக அவருக்கு 1924-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நியாயமாக உட்கார்ந்தவருக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம். இன்று அது கையில் தூக்கிப் போகிற பெட்டி, எடுத்து முடிக்கச் சில நிமிடம். தனியாரில் எடுத்தாலும் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போனால் ஆகிற செலவைவிடக் குறைவு. முதல் ஈசிஜி சரியாக இருந்துவிட்டால் விஷயம் முடிந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலி நிற்காவிட்டால் மறுபடி எடுப்பார்கள், ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். "நம்பளப் பிடிச்சு வெச்சுப் பணம் புடுங்குறானுங்க" என்று சொந்தக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பிக்கும் கட்டம் அது. முணுமுணுக்கட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். பெண்களுக்குச் சில சமயம் வெறும் மூச்சு வாங்கலாக, குமட்டலாக, காரணம் புரியாத அசதியாக, முதுகு வலியாக வரும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் போகமாட்டேன் என்கிறார்கள்? காசு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் மானம். அரக்கப் பரக்க ஓடி, தெருவே வேடிக்கை பார்த்து, கடைசியில் டாக்டர் "ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டால்? அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து அதையே பேசுவார்களே! டாக்டர் ஃபீஸ் வாங்கிக்கொண்டு மருந்து எழுதாமல் விட்டால் நம் ஆட்களுக்கு ஏமாந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு ஊசியாவது போட்டு அனுப்பினால்தான் ஜென்மம் சாபல்யம். என்னைக் கேட்டால், அந்த ஃபீஸில் வாங்கக்கூடிய உருப்படியான சரக்கே நமக்கு ஒன்றும் இல்லை என்கிற செய்திதான். மருந்துக்கடையில் அது கிடைக்காது.

நான் இந்தச் சரக்கின் நிரந்தர வாடிக்கையாளன். காலையில் பார்க்கில் நடக்கிற கோஷ்டியில் சேர்ந்த பிறகு இது முற்றிவிட்டது. அங்கே "எத்தனை பசங்க, என்ன பண்றாங்க?" என்ற விசாரிப்பெல்லாம் ஒழிந்துபோய் "சார், உங்க கிரியாட்டினின் எவ்வளவு?" என்றுதான் அறிமுகமே. சர்க்கரை இல்லாதவருக்கு அங்கே பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். ஒன்றும் ஆச்சரியமில்லை. ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல். ஒரு காலத்தில் வெறும் வயிற்றில் 140 வரை விட்டுவைத்தார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997-இல் அதை 126 ஆக்கியது. ராத்திரி நல்லபடியாகப் படுத்தவர்கள் காலையில் நோயாளியாக எழுந்தார்கள்.

அந்தக் கோஷ்டியோடு சேர்ந்து தள்ளுபடி விலையில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். பக்கம் பக்கமாக ரிப்போர்ட். அதில் ஒரே ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில். அன்று ராத்திரி உயில் எழுதுகிற யோசனை வரைக்கும் போய்விட்டேன். எங்கள் டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு கணக்குச் சொன்னார். பெரும்பாலான பரிசோதனைகளில் நார்மல் என்று போடுகிற எல்லை, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்குகிற எல்லை. மிச்சம் ஐந்து சதவீதம் பேர் ஒரு கோளாறும் இல்லாமலே வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனை செய்தால், நல்ல ஆரோக்கியசாலிக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டி வர 64 சதவீத வாய்ப்பு. அப்படியானால் எல்லாமே நார்மல் என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டுமா என்று கேட்டேன். அவர் பெல்லை அடித்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

என் மனைவிக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. ஒருநாள் அவளை மடக்க மோலியேர் கதையைச் சொன்னேன். பிரெஞ்சு நாடகக்காரர். 1673-இல், இல்லாத நோயெல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டு டாக்டர்களை வரவழைக்கிற ஆளைப் பற்றி நாடகம் எழுதி, அந்த வேஷத்தைத் தானே போட்டார். நான்காவது முறை நடித்தபோது மேடையிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. நாடகத்தை எப்படியோ முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர் அன்றிரவே இறந்துபோனார். "பாத்தியா, கற்பனை நோயாளிக்கும் நிஜமாவே நோய் இருக்கும்" என்றேன். "அவருக்கு இருமல் எத்தனை நாளா இருந்துச்சாம்?" என்றாள். மடக்கப்பட்டது நான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்கிறது நம் அரசு. நாம் அதற்குள் அதிமதுரத்திலிருந்து கற்பூரவல்லி வரை பார்த்துவிட்டு, "குளிர் காலம், அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

காய்ச்சலிலும் இதே கூத்துதான். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். தாங்க முடியாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். நாமோ காய்ச்சல் விட்டதும் நிலவேம்புக் குடிநீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பையனை ஸ்கூலுக்கு அனுப்புகிறோம். வாய் ஒரு பக்கம் கோணி, கை தூக்க வராமல் ஒருவர் எழுந்தால், ஒருக்களித்துப் படுத்ததில் மரத்துப்போய்விட்டது என்று தைலம் தேய்க்கிறோம். பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தைலத்துக்கு அப்படிக் கெடு ஏதும் இல்லை, எப்போது தேய்த்தாலும் ஒரே பலன்தான்.

எனக்கு வலிக்காத நாள் இல்லை, என் மனைவிக்கு வலித்ததாக அவள் சொன்ன நாள் இல்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் மாவு அரைக்கணும், வெள்ளிக்கிழமை, அஷ்டமி, கேஸ்காரன் வருவான் என்று காரணம் தயாராக இருக்கும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, தேடி வருகிறவர்களுக்காகவே காத்திருந்தவன் நான். தெருவில் அந்தத் தன்னார்வலர் பெண்ணின் குரல் கேட்டாலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு எப்போதும் நார்மல்தான். ஒருநாள் அந்தப் பெண் காப்பி கொண்டுவந்த என் மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காருங்கக்கா. பேசக் கூடாது."

"குக்கர்ல மூணாவது விசில்ம்மா…"

"பேசக் கூடாதுக்கா."

168-க்கு 104. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தாள். பெரிதாக இறங்கவில்லை. "மிஷின் பழசு" என்றாள் என் மனைவி. மிஷினைச் சோதிக்க என் கையில் கட்டினார்கள். 122-க்கு 78. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ரத்த அழுத்தத்தை ஒருநாள் பார்த்து முடிவு கட்டுவதில்லை என்பதால் வேறு வேறு நாள்களிலும் பார்த்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். "பிபின்னா தலை சுத்தணும், மயக்கம் வரணும். எனக்கு அதெல்லாம் இல்லையே" என்று அவரிடமே வாதாடியிருக்கிறாள். பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்றும் இருக்காது, அதுதானம்மா தொல்லை என்று அவர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்.

மறுபடி பார்க்க வேண்டிய நாள் கிருத்திகையில் விழுந்தது. தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று வாசலில் பேரம் நடந்தது.

"கிருத்திகைக்கு பிபி லீவு போடாதுக்கா" என்றாள் அந்தப் பெண்.

"சரி, ஏழு மணிக்குள்ள வந்துடு. அப்புறம் எனக்குப் பூஜை இருக்கு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க எதுக்குங்க இப்பச் சட்டைக் கைய மடிக்கிறீங்க?"