பேரீச்சம்பழத்துக்குப் போன போர்க்கப்பல்

நம் விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்தைத் தீர்த்துக்கட்ட 1971 நவம்பரில் கராச்சியிலிருந்து கிளம்பியது பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி. நம் கிழக்குக் கடற்படைத் தளபதி நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவில்காரர், விமானந்தாங்கியை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய கப்பலை விக்ராந்த் மாதிரி கம்பியில்லாத் தந்தி அடிக்கவைத்தார். விசாகப்பட்டினம் கடைகளில் பெரிய கப்பலுக்கு வேண்டிய கறியும் காய்கறியும் சொல்லிவைத்தார், ஒற்றன் காதில் விழட்டும் என்று. நம்பி வந்த காஜி அந்தத் துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் ஒரேயடியாகப் போய்ப் படுத்தது.

டிசம்பர் 4 காலை விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் பிறகு சிட்டகாங்கையும் தாக்கின. நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் விட்ட நிலையில் நடந்த போர் இது. இரண்டு மகாவீர் சக்ராவும் பன்னிரண்டு வீர் சக்ராவும் வாங்கிய கப்பல்.

எதிரிக்கு அகப்படாததை நம் ஆட்கள் 2014இல் ஏலம் போட்டார்கள். அறுபது கோடி! அதன் எடை சுமார் 16,000 டன். கணக்குப் போட்டால் கிலோ நாற்பது ரூபாய்கூடத் தேறவில்லை. அவலூர்பேட்டைச் சந்தையில் மழைக்காலத் தக்காளி இதைவிடக் கெளரவமாக விற்கும். எங்கள் காயலான் கடைக்காரர்கூட ஒரு சைக்கிள் சட்டத்தைத் தராசில் வைக்குமுன், “யாருதுங்க இது, வீட்ல கேட்டுட்டுத்தான் எடுத்தாந்தீங்களா?” என்பார். டெல்லியில் அதைக் கேட்க ஆள் இல்லை. கேட்டு நீதிமன்றம் போனவர்களுக்கு, ஆயுள் முடிந்த கப்பல் என்று பதில் வந்தது.

1997இல் ஓய்வு, 2001 முதல் மும்பையில் அருங்காட்சியகம், 2012இல் ஆபத்து என்று பூட்டு. பராமரிக்க மகாராஷ்டிர அரசிடம் பணம் இல்லையாம். அதே அரசு பிறகு அரபிக்கடலில் சிவாஜிக்குச் சிலை வைக்க ஆயிரக்கணக்கான கோடிக்குத் திட்டம் போட்டது. 2016இல் பூமி பூஜையும் ஆயிற்று, அதுவும் கடலில்! குஜராத்தில் பட்டேல் சிலைக்காக உழவர்களிடம் மண்வெட்டியும் கொழுவும் கேட்டு ஊர் ஊராக ஆள் விட்டதும் விக்ராந்த் ஏலத்துக்கு வந்த அதே சமயத்தில்தான். குடியானவன் இரும்பு வேண்டும், கடற்படை இரும்பு வேண்டாம்.

விற்றது ஓர் ஆட்சி, 2014 நவம்பரில் வெட்டத் தொடங்கியபோது இன்னோர் ஆட்சி. இந்த ஒரு காரியத்தில் கட்சிச் சண்டையே வரவில்லை. வெட்டிய இரும்பில் கொஞ்சம் வாங்கி பஜாஜ் நிறுவனம் வி15 என்று மோட்டார் சைக்கிள் விட்டது. ஷோரூமில் கேட்டால் வீர வரலாறும் சொன்னார்கள், மைலேஜும் சொன்னார்கள்.

ஒன்று போனதே, பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைத்தால், அடுத்தது ஐஎன்எஸ் விராட் விமானந்தாங்கி. 2018இல் அதை அருங்காட்சியகமாக்க 852 கோடித் திட்டத்துக்கு மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2020இல் கப்பல் குஜராத்தின் அலங்க் கரையில் உடைபடப் போய் ஏறியது, 38.54 கோடிக்கு.

நாம் சிரிக்க வேண்டாம். மாமல்லபுரத்தில் காட்சிக்கு வைப்பதாகச் சொல்லி வாக்லி என்ற நீர்மூழ்கியைத் தமிழக அரசு கேட்டு வாங்கியது. அருங்காட்சியகம் வரவே இல்லை. பக்கத்து விசாகப்பட்டினத்தில் 2002 முதல் குர்சுரா நீர்மூழ்கிக்குள் பள்ளிப் பிள்ளைகள் தலை குனிந்து நுழைந்து, வாய் பிளந்து வெளியே வருகிறார்கள்.

எங்கள் பக்கத்துச் செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது. நல்லவேளை, கோட்டையின் ராஜகிரி மலை இரும்பு இல்லை. மலையை உடைத்து ஜல்லியாக்கும் நம் கல்குவாரிக்காரர்கள் கண்ணில் அது இத்தனை நாள் படாமல் இருந்ததும் கோட்டையை ஆண்ட தேசிங்குராஜன் செய்த புண்ணியம்.

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் புது விக்ராந்த் வந்தது. சுமார் 20,000 கோடி, 262 மீட்டர் நீளம், சொந்தமாகக் கட்டியது. கட்டியவர்களை மெச்சுகிறேன். மேடையில் மார்தட்டியவர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம்: இதை எந்தக் காயலான் கடைக்கு, கிலோ என்ன விலைக்குத் தருவதென்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பின்னால் வரும் அரசுக்கு ஏலச் செலவாவது மிச்சம்.