விமானத்துக்கு ஜாதகம் எழுதுதாவ

ஏலே மக்கா, வேலை கெடச்சிட்டாம்லா? பெங்களூராமே! விமான எஞ்சினுக்கு ‘டிஜிட்டல் ட்வின்’ பண்ணுத கம்பெனியாம். உங்கம்மை தெரு முழுக்க மிட்டாய் குடுத்துட்டா. என்ன வேலைட்டீன்னு கேட்டேன். “கம்ப்யூட்டர்ல ரெட்டைப்புள்ள வளக்கது”ன்னா. அவ என்ன செய்வா பாவம், நீ சொன்னதைத்தானே சொல்லுவா?

இரு, ஓடாத. ஏட்டுச் சுரைக்காய்னு கெழவன் ஆரம்பிப்பான்னுதானே பாக்கே? மாட்டேன். காவல்கிணறு டீக்கடையில மகேந்திரகிரி ராக்கெட்காரவுக பேசுததைக் காலங்காலமாக் கேட்டுட்டுக் கெடக்கேன். எனக்கும் கொஞ்சம் வெளங்கும்லே.

எஞ்சின் ஒண்ணு பொறக்கும்போதே அதுக்கு ஒரு ஜாதகம் எழுதிடுதிய. சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, அதிர்வு எவ்வளவு, எல்லாம் அதுல இருக்கு. பறக்கப் பறக்க சென்சார் சேதி அனுப்பும். அதுக்குத் தக்கன கம்ப்யூட்டர்ல கெடக்க எஞ்சினுக்கும் வயசு ஏறும். எந்த பிளேடு எப்பத் தேயும், எப்பக் கழத்திப் பாக்கணும்னு முன்கூட்டியே சொல்லும். நம்மூரு ஜோசியன் எழுதுன நாளோட சரி. உங்க ஜோசியன் ஒவ்வொரு பயணத்துக்கும் திருத்தி எழுதுதான். இதுக்கா இம்புட்டுப் பவுசு?

தப்புன்னு சொல்லல கேட்டியா. பாலைவனத்து மணலைக் குடிச்சிட்டுப் பறக்குத எஞ்சினும் குளிர் ஊர்ல பறக்குத எஞ்சினும் ஒண்ணுபோலவா தேயும்? ரெண்டையும் ஒரே தேதியில கழத்துனா ஒருத்தனுக்கு வீண் செலவு, இன்னொருத்தனுக்கு ஆபத்து. இதுக்குள்ள காசு சங்கதி ஒண்ணும் இருக்கு. அதை உனக்கு எவனும் சொல்லியிருக்க மாட்டான். இங்கிலாந்துல 1962லயே வைப்பர்னு ஒரு எஞ்சினை வச்சு, “பறந்த மணிக்கு இவ்வளவு குடு, பழுதை நாங்க பாத்துக்கிடுதோம்”னு தொடங்குனாவ. பொறவு ரோல்ஸ் ராய்ஸ் அந்த யாவாரத்தைப் பெருசாக்கிச்சு. அப்ப எஞ்சின் பறக்காம நின்னா நட்டம் யாருக்கு? செஞ்சவனுக்கு. அவன் ராப்பகலா அதையே பாத்துட்டு இருக்காம என்ன செய்வான்? அறிவியல் பாதி, கல்லாப்பெட்டி பாதி!

2002ல மிச்சிகன்ல மைக்கேல் கிரீவ்ஸ்னு ஒருத்தர் இந்த யோசனையை எடுத்துச் சொன்னாரு. 2010 வாக்குல நாசாவுல ஜான் விக்கர்ஸ்ங்கவரு இப்ப இருக்க பேரை வச்சாரு. பேரு வந்த பொறவுதான் கூத்து. கோட்டு போட்டவனெல்லாம் மேடையேறிட்டான். ஆனா பேரே வைக்காம இந்தப் புள்ளை 1970லயே நடந்து காட்டிச்சுது, தெரியுமா?

அப்பல்லோ 13. நிலாவுக்குப் போற வழியில, மூணு லட்சம் கிலோமீட்டருக்கு அங்கிட்டு, ஆக்சிஜன் தொட்டி வெடிச்சிட்டு. உள்ள மூணு பேரு. தரையில அதே கப்பல் மாதிரி பயிற்சிக் கூண்டுக இருந்துச்சு. கென் மாட்டிங்லின்னு ஒருத்தர். அம்மை தொத்தியிருக்கும்னு பயந்து கடைசி நேரத்துல அவரைக் கழிச்சு விட்டிருந்தாவ. சவம், அம்மையும் வரல! அந்த மனுசனும் மத்தவுகளும் அந்தக் கூண்டுகளை வச்சே வேலையைத் தொடங்குனாவ. மேல எவ்வளவு கரண்டு மிச்சம் இருக்கோ அதுக்குள்ள எந்த சுவிட்சை மொதல்ல போடணும், எதை அடுத்துப் போடணும்னு போட்டுப் போட்டுப் பாத்து வரிசை கண்டுபிடிச்சாவ. மூச்சுக்காத்தைச் சுத்தப்படுத்துத பெட்டி சதுரம், மாட்ட வேண்டிய ஓட்டை வட்டம். பிளாஸ்டிக் பை, புத்தக அட்டை, ஒட்டு டேப்பு. மேல என்ன இருக்கோ அதை மட்டும் வச்சுக் கீழ செஞ்சு பாத்து, பொறவு மேல சொன்னாவ. ஏப்ரல் 17ல மூணு பேரும் உசுரோட வந்து கடல்ல எறங்கிட்டாவ. கண்ணாடி அறையில கலர்ப் படம் ஓட்டியா இது நடந்துச்சு?

இப்ப அடுத்த கதை. ஏர்பஸ் ஏ380. ரெண்டு மாடி விமானம், உள்ள 500 கிலோமீட்டருக்கு மேல வயரு. ஜெர்மனிக்காரன் ஹாம்பர்க்ல வரைஞ்சான். பிரான்சுக்காரன் துலூஸ்ல வரைஞ்சான். ரெண்டு பேருக்கும் ஒரே மென்பொருள்தான், ஆனா ஒருத்தன்ட்ட பழைய பதிப்பு, ஒருத்தன்ட்ட புதுசு. திரையில எல்லாம் அம்சமாப் பொருந்திச்சு. துலூஸ்ல கொண்டுபோய் மாட்டுனா வயரு எட்டல. எட்டலலே! ரெண்டு வருசத்துக்குக் கிட்ட இழுத்துட்டு. 2006ல பெரிய தலைக உருண்டுச்சு. மொத விமானம் 2007 அக்டோபர்லதான் சிங்கப்பூர்க்காரன் கைக்கு வந்துச்சு. “தாத்தா, அது ட்வின் இல்ல, மாக்-அப், வெறும் மாதிரி வடிவம்”னு மூக்கை நீட்டுவே. என்ன எழவா வேணா இருக்கட்டும். எட்டாத வயருக்கு அதெல்லாம் தெரியுமா?

அமெரிக்காக்காரன் பண்ணுனது இதையும் மிஞ்சுன வேடிக்கை. போயிங் டி-7ஏன்னு ஒரு பயிற்சி விமானம். முழுக்கக் கம்ப்யூட்டர்லயே வடிவமைச்சு வெரசலாப் பறக்க விட்டுட்டோம்னு ஒரே ஆட்டம். 2020ல அமெரிக்க விமானப்படை என்ன செஞ்சுது தெரியுமா? பேருக்கு முன்னால ‘ஈ’ன்னு ஒரு எழுத்தை ஒட்டிச்சுது. டாக்டர் பட்டம் மாதிரி! பொறவு? ஆபத்துல விமானியை வெளிய தூக்கி எறியுத இருக்கை இருக்கு பாத்தியா, அதுல கோளாறு. தண்டவாளத்து மேல ராக்கெட் வண்டியில பொம்மையை உக்கார வச்சு எறிஞ்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது. அந்தத் திட்டத்துல போயிங்குக்கு மொத்தம் நூறு கோடி டாலருக்கு மேல நட்டம். இந்த டிஜிட்டல் சமாச்சாரத்தை அளவுக்கு மிஞ்சி ஊதிட்டாவன்னு விமானப்படைச் செயலாளர் பிராங்க் கெண்டலே 2023ல சொல்லிட்டாரு. ஜாதகத்துல இல்லாத கண்டம் பொம்மைக்குத் தெரிஞ்சிருக்கு!

நம்ம மகேந்திரகிரியில கம்ப்யூட்டருக்கா பஞ்சம்? மலைப்பக்கம் உறுமுனா மழைன்னு உங்க ஆச்சி வத்தலை அள்ளிட்டு ஓடுவாளே, அது என்னன்னு நெனச்சே? மனுசனை ஏத்திட்டுப் போற ககன்யானுக்காக சிஇ20ங்குத ராக்கெட் எஞ்சினை எரிச்சுப் பாத்தாவ. நாலு எஞ்சின், 39 தடவை. மொத்தம் 6350 நொடி எரிச்சாப் போதும்னு விதி. 2024 பிப்ரவரியில முடிச்சப்போ கணக்கு 8810 நொடி. திரையில ஓட்டிப் பாக்கத் தெரியாத கூறுகெட்டவுகளா அவிய?

நீ போ, நல்லா இரு. போன மொத வாரமே ஒண்ணு மட்டும் கேளு: “நெச எஞ்சினைக் கடைசியா எப்போ கழத்தி இதோட ஒத்துப் பாத்திய?” மேனேசர் தேதி சொன்னா அங்கனயே இரு. படம் போட்டுக் காட்டுனா தலையை ஆட்டிட்டு, சம்பளம் ஒண்ணாந்தேதி வருதான்னு மட்டும் பாத்துக்கோ. பொறவு, விமானம் நிறுத்துத கொட்டகைப் பக்கம் போனியன்னா கை கறுத்த மெக்கானிக் ஒருத்தர் இருப்பாரு. அவர்கூட டீ குடி. காசு நீ குடு, கருமி மாதிரி நிக்காத.