எட்டுச் சுரைக்காய்

வாங்க துரை, திண்ணையில உக்காருங்க. புது வண்டியாமே? சீட்டு மேல பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கல. நல்லது, கண்ணு பட்டுடும். வண்டி பழக ஒரு மாசம் வாத்தியார்கிட்ட போடான்னு உங்கம்மா சொன்னாளாம், நீ விழுந்து விழுந்து சிரிச்சியாம். சிரிக்கத்தான் வேணும். ஓசூர்ல பொறந்தவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கறதா?

1980-ல டிவிஎஸ் 50 மொபட்டு நம்மூர் ஃபேக்டரியிலயிருந்து வெளிய வந்தப்ப உங்கப்பனுக்கு அரைஞாண் கயிறுதான் மொத்த உடுப்பு. நாலு வருஷத்துல சுசுகிக்காரனோட சேர்ந்து 100 சிசி பைக்கும் வந்துச்சு. இன்னிக்கு ஏத்தர் ஸ்கூட்டர் இங்க, ஓலா அந்தப் பக்கம் போச்சம்பள்ளியில. ஆப்பிரிக்கா வரைக்கும் நம்ம வண்டி கப்பல் ஏறுது. அதனால வண்டி ஓட்டறது உங்களுக்கெல்லாம் ரத்தத்துலயே இருக்கு, ஒத்துக்கறேன். அந்த ரத்தம் அடிக்கடி ரோட்டுல இருக்கே, அதுதான் கெழவனுக்குப் புரியல. சிப்காட்டுல நாள் பூரா பிரேக்குக்கு நட்டு முடுக்கற பையன், ஷிப்ட் முடிஞ்சு கேட்டைத் தாண்டினதும் அது எதுக்குன்னே மறந்துடறான்.

உங்களுக்குத் தெரிஞ்ச படிப்பு ஒண்ணே ஒண்ணு. எட்டு போடறது. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் காலி மனையில செங்கல்லை வச்சுச் சுத்துவீங்க. சொந்த பைக்ல போட்டா சாஞ்சுடும்னு எவன்கிட்டயாவது சின்ன வண்டியா இரவல் வாங்குவீங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால காலை ஊணாம சுத்தி வந்துட்டா பாஸ், அன்னிக்கு ராத்திரி பிரியாணி. எனக்கு ஒரு சந்தேகம் பேராண்டி. கிருஷ்ணகிரி ஹைவேயில எட்டு எந்த இடத்துல வருது? சூளகிரிகிட்ட கன்டெய்னர் லாரி முன்னால நீ ஒரு எட்டு போட்டுக் காட்டினா, டிரைவர் இறங்கி வந்து மாலை போடுவானா?

அதுக்காக எட்டையும் பழிக்கக் கூடாது. கிளட்சைப் பாதி புடிச்சு, பின் பிரேக்கை லேசா மிதிச்சு, போக வேண்டிய இடத்தைப் பார்த்துக்கிட்டே திரும்பணும். முன் சக்கரத்தைப் பார்த்தியோ, சாஞ்சே. கண்ணு போற பக்கம்தான் வண்டி போகும், அந்த வித்தைதான் எட்டுக்குள்ள இருக்கு. இதை உனக்கு யாரும் சொல்லல. நீ காலி மனையில கழுத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு எப்படியோ சுத்தி முடிச்சே. அதனாலதான் பாகலூர் ரோட்டுல குழியைப் பார்த்ததும், அதையே மொறைச்சுப் பார்த்துக்கிட்டு நேரா அதுலயே போய் விடறே. குழி மேல பழி.

அப்புறம் முன் பிரேக்கைத் தொடவே தொடாதே, குப்புறத் தள்ளிடும்னு உன் கூட்டாளி சொன்னானாமே. பெரிய இன்ஜினியர். பிரேக் புடிச்சா பாரம் பெரும்பாலும் முன் சக்கரத்துக்குத்தான் வரும். அப்ப ரோட்டை அழுத்திப் புடிக்கற டயரும் அதுதான், நிறுத்தற வேலையில பெரும்பங்கும் அதோடதுதான். திருப்பத்துலயும் மணல்லயும் வெடுக்குன்னு இழுத்தா தள்ளும், இல்லேங்கல. நேரா போறப்ப ரெண்டையும் சேர்த்து, முன்னதை மெல்ல மெல்ல இறுக்கணும். பின் பிரேக்கை மட்டும் மிதிச்சு டயரைத் தேய்ச்சுக்கிட்டுப் போறது உங்களுக்கெல்லாம் ஸ்டைல். நம்ம பக்கத்து எருது விடற விழாவையே பாரு. எருதை விடறதுக்கு வீரன் வேணாம், கயித்தை அவுத்தா அதுவே பறக்கும். நிறுத்தறதுக்குத்தான் ஆள் வேணும். நீ இதுவரைக்கும் கத்துக்கிட்டது அவுக்கறது மட்டும்தான்.

கணக்கு ஒண்ணு போடட்டுமா? 60 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு செகண்டுக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடிடுது. முன்னால நாய் குறுக்க வருதுன்னு கண்ணு பார்த்து, புத்தி சொல்லி, விரல் மடங்கறதுக்குள்ள அந்த ஒரு செகண்டு போயிடும். பிரேக் அதுக்கப்புறம்தான் வேலைக்கே வருது. 30-ல போனவன் 60-ல போனா வேகம் ரெண்டு மடங்கு, பிரேக் புடிச்ச பிறகு ஓடற தூரம் நாலு மடங்கு. வாத்தியாரா இருந்தா காலி மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு, நீ எங்க நிக்கறேன்னு அளந்தே காட்டுவாரு. நீ பார்ட்னர் வச்சு ரீல்ஸ் எடுக்கறவன், உனக்கு எதுக்கு அளவு?

உங்க தலையும் பெரிய தலைதான். எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போறப்ப, எல்லை தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் ஹெல்மெட்டு தலைக்கு ஏறுது. சாயங்காலம் திரும்பி ஜூஜுவாடி தாண்டினதும் முழங்கைக்கு இறங்குது. கன்னட ரோடு கருங்கல்லு, நம்ம ரோடு இலவம் பஞ்சு போல. இந்தப் பக்கமும் அபராதம் உண்டு பேராண்டி, 1,000 ரூபாய், ரசீது தமிழ்ல குடுப்பாங்க. 2022-ல நாட்டுல ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். நூத்துக்கு நாப்பத்தி நாலு பேருக்கு மேல ரெண்டு சக்கர வண்டியில போனவங்க. தமிழ்நாட்டுக் கணக்கு மட்டும் 17,884. அதுல யாரும் எட்டு போடத் தெரியாம சாகல.

இங்கிலாந்துல ஒரு கூத்து இருக்கு. புதுசா பைக் ஓட்டறவன் முதல்ல வாத்தியாரோட மைதானத்துலயும் ரோட்டுலயும் ஓட்டிக் காட்டி ஒரு சீட்டு வாங்கணும். அது இல்லாம தனியா ரோட்டுல இறங்கக் கூடாது. 1990-லயிருந்து இதான் சட்டம். அந்தச் சீட்டும் ரெண்டு வருஷம்தான் செல்லும், அதுக்குள்ள முழு லைசென்ஸ் எடுக்கலேன்னா மறுபடியும் மைதானம். பாவம், வெள்ளைக்காரனுக்குப் பொறவியிலயே வண்டி வரல.

இங்க எல் போர்டு ஒட்டின பைக்குல பின்னால உக்காரலாம்னா, லைசென்ஸ் வச்சுக்கிட்டுச் சொல்லிக் கொடுக்கறவர் மட்டும்தான் உக்காரலாம். நேத்து மத்திகிரி ரோட்டுல உன் பின்னால துப்பட்டா பறக்க உக்காந்திருந்தது யாரு, டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மாவா? நான் கேக்கல, உங்கம்மா கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சு வச்சுக்கோ.

தம்பியும் அந்த வண்டியிலதான் டியூஷனுக்குப் போறானாமே. பதினாறு வயசுதான் ஆகுது, கால்கூடத் தரையில எட்டல, வீரம் மட்டும் எட்டுது. 2019-ல சட்டத்தைத் திருத்திட்டாங்க. சின்னப் பையன் ஓட்டி மாட்டினா பெத்தவனுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு ஆகற வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. அவன் பொண்ணு பார்க்கவே டவுன் பஸ்ல நின்னுக்கிட்டுதான் போகணும். உங்கப்பன்கிட்ட சொன்னேன், எம்பையன் சூப்பரா ஓட்டறான்னான். சூப்பரா ஓட்டினாலும் அதே 25,000-தான்.

ராயக்கோட்டை ரோட்டுல சானமாவு காட்டோரம் யானைகூட நின்னு பார்த்துட்டுத்தான் ரோட்டைத் தாண்டுதாம். அதுக்கு யாரும் கிளாஸ் எடுக்கல. உனக்கு எடுக்கணும்.

எல்எல்ஆர் இருக்கு தாத்தா, கவலைப்படாதேன்னு பர்ஸைத் தட்டிக் காட்டறே. அந்தப் பழகுநர் லைசென்ஸை எடுத்து 30 நாள் ஆனாத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளைச் சர்க்கார் சும்மா விடல, பழகறதுக்குத்தான் விட்டிருக்கு. காலையில ஒரு மணி நேரம் ஒரு வாத்தியார்கிட்ட நின்னிருந்தா கிளட்ச், பிரேக், சைகை, கண்ணாடி பார்க்கறது, லாரிக்கு இடது பக்கம் நுழையாம இருக்கறது எல்லாம் கைக்கு வந்திருக்கும். நீ சைலன்சரை மாத்திட்டு வந்தே.

இன்னொண்ணு. எல்எல்ஆர் ஆறு மாசம்தான் செல்லும். நீ எடுத்தது ஆடியில, இப்ப மாசி நடக்குது. புதுசா எழுதிப் போடு, இந்தத் தடவை அந்த 30 நாளும் வாத்தியார்கிட்ட போ. அதுவரைக்கும் வண்டி மாட்டுக்கொட்டாயில நிக்கட்டும், வைக்கோல் மூடி வைக்கறேன்.